சாமியார் படித்த படிப்பு

அவளுக்குச் சாமியார் என்று பெயர் வைத்தவன் தம்பி. கல்லூரியில் சமயவியல் எடுத்துப் படிக்கப் போவதாக அவள் வீட்டில் சொன்ன அன்று, வாயில் இருந்ததை விழுங்கி முடிப்பதற்குள் வைத்துவிட்டான். சாமியாருக்கு உரிய லட்சணம் ஒன்றுகூட அவளிடம் கிடையாது. தாமதமாக எழுந்திருப்பாள், ருசி பார்த்துச் சாப்பிடுவாள், கோபம் வந்தால் அவள் கதவைச் சாத்துகிற சாத்தலில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள். சாமி கும்பிடுகிற பழக்கமும் இல்லை. இருந்தாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டில், உறவில், பிறகு வேலை பார்த்த இடங்களிலும் அவள் சாமியார்தான். நமக்கும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். பிறருடைய கட்டடங்களின் உச்சியில், மோட்டார் சத்தத்துக்கு நடுவே வாழ்க்கையின் முக்கால் பங்கைக் கழித்தவர். அதனால் வீட்டிலும் சற்று உரக்கத்தான் பேசுவார். மகள் சொன்னதைக் கேட்டுவிட்டு, படித்து முடித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டார். சாமியார் கல்லூரிக் கையேட்டில் இருந்ததை மனப்பாடமாக ஒப்பித்தாள். ஆசிரியர் ஆகலாம், பத்திரிகைக்குப் போகலாம், அருங்காட்சியகத்தில் சேரலாம், சமூகப் பணி, மனநல ஆலோசனை, வெளியுறவுத் துறைத் தேர்வு, மேலே சட்டம் படிக்கலாம், முனைவர் பட்டம் வரை போகலாம்.

"பட்டன் அதிகமா இருக்கிற லிஃப்டைப் பார்த்தாலே எனக்குப் பயம்மா. எதை அமுக்கினாலும் ஒரே மாடிக்குத்தான் போகும்" என்றார் அப்பா. ஆனாலும் பணம் கட்டினார்.

அவள் ஏன் அந்தப் படிப்பைப் பிடித்தாள் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் மாடிக்கு ஒரு மதம். ஒரு வீட்டில் யாராவது இறந்தால் நிலைக்கண்ணாடியைத் துணி போட்டு மூடுவார்கள். இன்னொரு வீட்டில் வாசல் கதவை அகலத் திறந்து வைப்பார்கள். மூன்றாவது வீட்டில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். சிறுமியாக இருந்தபோது மேல்மாடி அத்தையிடம் கண்ணாடியை ஏன் மூடுகிறீர்கள் என்று கேட்டாள். அப்படித்தான் செய்யணும் என்று பதில் வந்தது. அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. போதாத பதில் ஒன்று சின்ன வயதில் மனதில் தங்கிவிட்டால் அது ஆளைப் படிக்க வைத்துவிடும். வேலையும் வாங்கிக் கொடுக்கும் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது.

படிப்பு முடிந்தது. துறைப் பேராசிரியர் வழியனுப்பும்போது இந்தப் பட்டம் எல்லாக் கதவுகளையும் திறக்கும் என்றார். திறக்கும் சார், உள்ளே நாற்காலிதான் இருக்காது என்று பின்வரிசையில் ஒருவன் முணுமுணுத்தான். அவன் கெட்டிக்காரன். மறுவருடமே சட்டம் படிக்கப் போய்விட்டான். ஒருத்தி நூலகப் படிப்பில் சேர்ந்தாள். ஒருவன் செய்தி நிறுவனத்தில் நுழைந்து, மதக் கலவரம் எங்கே நடந்தாலும் தொலைக்காட்சியில் தலையைக் காட்டினான். இன்னொருவன் மாமனாரின் மரக்கடையில் உட்கார்ந்தான். அவன்தான் எல்லோரையும்விடச் சீக்கிரம் செட்டில் ஆனவன்.

சாமியாருக்கு முதலில் கிடைத்தது கல்யாணத் தகவல் நிறுவனத்தில் வேலை. வரன் தேடுகிறவர்கள் தங்கள் மதத்தையும் பிரிவையும் கணினியில் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பிரிவுகளைச் சரிசெய்து தரச் சொன்னார்கள். அவள் விழுந்து விழுந்து உழைத்தாள். பிரிவு, அதற்குள் உட்பிரிவு, அந்த உட்பிரிவு எந்தச் சண்டையில் பிரிந்தது என்று ஒரு குறிப்பு. வாடிக்கையாளர்களால் தாங்கள் யார் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. இன்னும் சிலர், எதிர்வீட்டுக்காரனும் தங்கள் பிரிவுதான் என்று தெரிந்து சண்டைக்கு வந்தார்கள். மேலாளர் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இங்கே கல்யாணம்தான் நடக்க வேண்டும், மாநாடு அல்ல என்று பதமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அடுத்து ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியை. எல்லா மதங்களையும் ஒரே தராசில் வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். எல்லா மதத்துப் பெற்றோரும் ஒன்றுசேர்ந்து புகார் கொடுத்தார்கள். அவர்களை வேறு எதுவும் அப்படி ஒன்றுசேர்த்திருக்காது என்று தலைமையாசிரியரே ஒப்புக்கொண்டார். வீட்டில் தம்பி தலைகால் புரியாமல் சிரித்தான். அவன் கைப்பேசிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அதற்குள் அம்மாவுக்குத் துணி துவைக்கும் இயந்திரம் வாங்கிக் கொடுத்திருந்தான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் சாமியாருக்கு உறைத்தது.

மூன்றாவதாக வந்தது ஆஸ்பத்திரி. பெரிய ஆஸ்பத்திரி, எல்லாத் தரப்பு மக்களும் வருகிற இடம். ஒரு மரணத்தின்போது செய்யக் கூடாத ஏதோ ஒன்றைச் செய்துவிட்டார்கள் என்று ஒரு குடும்பம் பெரிய ரகளை செய்துவிட்டுப் போயிருந்தது. அதன் பிறகு நிர்வாகம் குடும்ப உதவி அலுவலர் என்று ஒரு பதவியை உண்டாக்கியது. நேர்காணலில் சாமியாரின் பட்டத்தைப் பார்த்து முதல்முறையாக ஒருவர் முகம் மலர்ந்தார். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது.

தரைத்தளத்தில், லிஃப்டுக்கும் சக்கர நாற்காலிகள் நிறுத்தும் இடத்துக்கும் நடுவே ஓர் அறை கொடுத்தார்கள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, திறந்தால் மூடாத ஓர் அலமாரி. அங்கே உட்கார்ந்து அவள் அட்டைகள் தயாரித்தாள். ஒவ்வொரு மதத்துக்கும் ஓர் அட்டை. உயிர் பிரிந்தால் தலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும், யார் தொடலாம், யார் தொடக் கூடாது, கண்ணை யார் மூட வேண்டும், நகையைக் கழற்றலாமா என்பதெல்லாம் நாலைந்து வரிகளில் இருக்கும். எல்லாம் புத்தகத்தில் இருந்ததுதான். வார்டுகளில் அவற்றை மருந்து அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்தார்கள். இரண்டாம் மாடித் தலைமை நர்ஸ் கறாரான பெண்மணி. டாக்டர்களையே ஓரமாக நில்லுங்கள் என்று சொல்லக்கூடியவர். அவரே அட்டையைப் பார்த்துத்தான் ஆட்களை ஏவினார். சாமியாருக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்தது.

அப்பாவுக்கும் சந்தோஷம். எல்லா மதத்துச் சாமியையும் தெரிந்து வைத்திருக்கிறாள் என்று சக மெக்கானிக்குகளிடம் சொல்லிக்கொண்டார். அவருக்குச் சாமியைப் பற்றித் தனிக் கருத்து ஒன்று உண்டு. "லிஃப்ட் பாதியில நின்னா ஒவ்வொருத்தனும் அவனவன் சாமியத்தான் முதல்ல கூப்பிடுறான். கடைசியில எல்லாரும் கூப்பிடுறது என்னைத்தான்" என்பார்.

இந்த நிலையில்தான் பேராசிரியரிடமிருந்து தகவல் வந்தது. துறையில் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஓர் இடம், உதவித்தொகையோடு. அந்த வருடத்தோடு அவர் ஓய்வு பெறுகிறார். அதன் பிறகு சமயவியலை வரலாற்றுத் துறைக்குள் கரைத்துவிடப் போகிறார்கள். ஆக, இதுதான் கடைசி இடம். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாயே, மரணத்தைப் பற்றி நல்ல தலைப்பாகக் கொண்டு வா என்றார்.

சாமியாருக்கு அந்த இடம் வேண்டும். அட்டை எழுதுவது வயிற்றுப்பாட்டுக்கு. கண்ணாடியை ஏன் மூடுகிறார்கள் என்ற கேள்வி அப்படியே உள்ளே கிடந்தது. பல்கலைக்கழக நூலகத்தின் மேல்தளத்தில் ஆய்வாளர்களுக்கு என்று சன்னலோர மேசைகள் இருக்கும். படிக்கிற காலத்தில் அவற்றைப் பார்த்துக்கொண்டே படியேறுவாள். அந்த மேசைகளில் ஒன்றில் உட்கார வேண்டும் என்பதைத் தவிர அவள் வாழ்க்கையில் வேறு எதையும் அவ்வளவு ஆசையாக நினைத்ததில்லை.

தலைப்பைத் தேடி அவள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு மதியம், தலைமை நர்ஸ் கூப்பிட்டனுப்பினார். இரண்டாம் மாடியில் தனியறை நோயாளி ஒருவர், வயதானவர், சற்று முன் இறந்துவிட்டார். பதிவில் இருக்கும் மதத்துக்கு அட்டை இல்லை, வந்து என்ன செய்வது என்று சொல்லிவிட்டுப் போ என்றார்.

சாமியார் மதத்தின் பெயரைப் பார்த்தாள். அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எண்ணிக்கையில் மிகச் சிறிய பிரிவு அது. கடைசி வருடத்தில் அவள் கட்டுரை எழுதியது அவர்களைப் பற்றித்தான். துறையிலேயே சிறந்த கட்டுரை என்று பெயர் வாங்கியது. ஆனால் அந்தப் பிரிவைச் சேர்ந்த ஒருவரை அவள் நேரில் பார்த்ததே இல்லை. பார்க்கக் கிடைத்த முதல் ஆள் இறந்துபோயிருந்தார்.

அறைக்குள் மகள் இருந்தாள். சாமியாரைவிட நாலைந்து வயது மூத்தவள். கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தப் பிரிவின் முறை சாமியாருக்குத் தலைகீழ்ப் பாடம். உயிர் பிரிந்ததும் உறவினர் அறையை விட்டு வெளியேற வேண்டும். சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். அவர்கள் கூட்டத்து மூத்தவர் ஒருவர் வந்து நெற்றியைத் தொடும்வரை வேறு யாரும் உடலைத் தொடக் கூடாது. அவள் குனிந்து, தணிந்த குரலில், மிகுந்த மரியாதையோடு சொன்னாள்.

"இப்ப கையை விட்டுடணும்மா. கொஞ்ச நேரம் வெளியில இருங்க. யாரும் தொடக் கூடாது. உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

மகள் தலையாட்டினாள். கையை விட்டாள். எழுந்து வெளியே வந்து, எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றாள். துக்கத்தில் இருக்கிறவர்கள் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்கள். சாமியார் படித்த புத்தகங்களில் இது இல்லை.

அவள் பம்பரமாகச் சுழன்றாள். அந்தப் பிரிவினரின் சங்கத்துக்குத் தொலைபேசினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தாள். தலைமை நர்ஸ் வந்து உடலைத் துடைத்துச் சுத்தம் செய்யலாமா என்று கேட்டபோது, அவங்க வழக்கம் சிஸ்டர், பொறுங்கள் என்று தடுத்தாள். நடுவில் ஒருமுறை தான் மட்டும் உள்ளே போய்ச் சன்னலைத் திறந்தாள். ஒரு நிமிடம் நின்றாள், போர்வையைச் சரிசெய்தாள், வெளியே வந்து கதவைச் சாத்தினாள். நடைபாதையில் மகள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. அழுகைக் குரல் அறைக்குள் கேட்கக் கூடாது என்பதும் அந்த முறைகளில் ஒன்று. எவ்வளவு கட்டுப்பாடு என்று சாமியார் மனதுக்குள் வியந்தாள். வியப்போடு சேர்ந்து தலைப்பும் மெல்ல உருவாகிக்கொண்டிருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

நடைபாதைச் சன்னல் வழியே வந்த வெயில் தரையை விட்டுச் சுவரில் ஏறிய பிறகு மகள் வாயைத் திறந்தாள்.

"மேடம், ஆஸ்பத்திரில இன்னும் எவ்வளவு நேரம் வெளியவே நிக்கச் சொல்வாங்க?"

"ஆஸ்பத்திரி சொல்லலையே. உங்க சங்கத்துலேர்ந்து ஒரு மூத்தவர் வரணும்ல."

"எந்தச் சங்கம்?"

"உங்க மதத்து முறைப்படி..."

"எங்களுக்கு அதெல்லாம் கிடையாதே. யாராவது கேட்டா அப்பா அந்தப் பேரைச் சொல்லுவார், பிறந்த ஊரைச் சொல்ற மாதிரி. அதோட சரி. நான் இது ஆஸ்பத்திரி ரூல்னு நினைச்சு நின்னுட்டிருக்கேன்."

சாமியார் அவசரமாகக் கதவைத் திறந்து விட்டாள். மகள் உள்ளே போய் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"விட்டுட்டு வரும்போது கை சூடா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள்.

மகள் புகார் எழுதவில்லை. தலைமை நர்ஸிடம் சாமியார் நடந்ததைச் சொன்னாள். தெரியாமதானே செஞ்ச, விடு என்று அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். சமயவியல் படிக்காத யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. ஒன்றும் தெரியாத ஆளாக இருந்திருந்தால் அந்தப் பெண்ணை அப்பாவின் பக்கத்திலேயே விட்டுவைத்திருப்பாள். சாமியார் இதைத் திரும்பத் திரும்ப நினைத்தாள். நினைக்கும்போதெல்லாம் அவமானமாக இருந்தது.

பேராசிரியர் தொலைபேசியில் கேட்டபோது மனம் தாளாமல் அவரிடமும் சொன்னாள். வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று பயந்தாள். அவரோ மறுமுனையில் கத்தினார்.

"நம்பாத ரெண்டு பேர் சேர்ந்து ஒரு சடங்கைப் பிசகில்லாம நடத்தி முடிச்சிருக்கீங்கம்மா. இது மாதிரி ஒண்ணு யாருக்கும் கிடைக்காது. இதுதான் உன் தலைப்பு. அந்தப் பொண்ணுகிட்ட ஒரு சம்மதக் கையெழுத்து வாங்கிட்டு வந்துடு, இடம் உனக்குத்தான்."

சாமியாருக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எது அதிகம் என்று கேட்டால் சந்தோஷம்தான். நூலக மேசை கண்ணில் தெரிந்தது.

மகள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். முன்பக்கம் விற்பனை. பின்பக்கம், ஒரு மறைப்புக்கு அப்பால், வில்லைகளை ஃபிரேமுக்கு ஏற்ற அளவில் தேய்க்கும் இயந்திரம். சக்கரத்தின் மேல் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. வில்லைத் தூள் கலந்து, தண்ணீர் மாவு கரைத்தாற்போல் தொட்டியில் தேங்கியது. சாமியார் ஒரு ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து, வீட்டில் தம்பியை எதிரில் உட்கார வைத்து ஒத்திகை பார்த்த பேச்சை அவிழ்த்தாள். பெயர் வராது, ஊர் வராது, அடையாளம் எதுவும் வெளியே தெரியாது என்றாள். மகள் வில்லையைத் தேய்ப்பதும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பதுமாக இருந்தாள். பாதியில் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"நான் வெளிய நின்னப்ப அப்பா தனியாவே இருந்தாரா?"

பேச்சின் நடுவே சாமியார் எதிர்பார்க்காத கேள்வி இது. உள்ளதைச் சொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. ஒருமுறை சன்னலைத் திறக்க உள்ளே போனதைச் சொன்னாள்.

"போய் என்ன செஞ்சீங்க?"

"சன்னலைத் திறந்தேன். அப்புறம்... ஒரு கால் போர்வைக்கு வெளியில இருந்துச்சு. உள்ள எடுத்து விட்டு, மூடினேன்."

"தொடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா."

"அப்புறம் ஏன் தொட்டீங்க?"

சாமியார் அன்றுவரை அதை யோசித்துப் பார்த்ததில்லை. புத்தகம் எதுவும் உதவிக்கு வரவில்லை.

"சன்னலைத் திறந்ததும் காத்து வந்துச்சு. குளிருமேன்னு" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே அபத்தமாகப் பட்டது. இறந்தவருக்கு என்ன குளிர்.

மகள் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அப்போதுதான் அழுதாள். ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றபோது வராதது இங்கே, தண்ணீர் சொட்டுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் வந்தது. முன்பக்கத்திலிருந்து கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் தலையை இழுத்துக்கொண்டார். எந்தக் கால் என்று அவள் கேட்டாள். இடது கால் என்றாள் சாமியார். அவருக்கு எப்பவும் அந்தக் கால்தான் வெளியே வரும், வீட்டில் தானே பல தடவை மூடி விட்டிருப்பதாக மகள் சொன்னாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பேனாவைக் கேட்டாள்.

"கையெழுத்து போடுறேன். ஆனா நீங்க காலை மூடினதையும் எழுதணும். அதை விட்டுட்டு எழுதக் கூடாது."

அதற்கென்ன, எழுதிவிடுகிறேன் என்றாள் சாமியார். அவ்வளவு சுலபமாக முடிந்ததில் அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. வீடு வந்து சேரும்வரை, ஒரு காரணமும் இல்லாமல் சிரித்துக்கொண்டே வந்தாள்.

நேர்காணலில் மூன்று பேர். பேராசிரியர், புலத் தலைவி, வெளியிலிருந்து வந்திருந்த நிபுணர். நிபுணருக்குச் சளி பிடித்திருந்தது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே அவள் எழுதிக் கொடுத்திருந்ததைப் புரட்டினார். அருமையான களம் என்றார். சாமியார் பேராசிரியரைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே சிரித்தார். பிறகு நிபுணர் ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். இங்கே நீங்கள் உடலைத் தொடுகிறீர்கள், போர்வையை மூடுகிறீர்கள். ஆய்வாளர் பார்க்கிறவர், நடுவில் புகுந்து கை வைக்கிறவர் அல்ல. இது இருந்தால் மொத்தத்தையும் சொந்தக் கதை என்று தள்ளிவிடுவார்கள். இந்த ஒரு பத்தியை எடுத்துவிடுங்கள், மற்றபடி எனக்கு மறுப்பில்லை என்றார். புலத் தலைவியும் ஆமோதித்தார்.

பேராசிரியர் மேசைமேல் குனிந்தார். "அது ஒண்ணும் முக்கியம் இல்லம்மா. ஒரு பத்திதானே, எடுத்துடு."

எடுத்துவிடலாம். கண்ணாடிக் கடைப் பெண் ஆய்வேட்டைத் தேடிப் பிடித்துப் படிக்கப் போகிறாளா என்ன. அப்படியே படித்தாலும் வழக்குப் போடப் போகிறாளா. சாமியார் இதையெல்லாம் யோசித்தாள். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். சன்னலோர மேசையை யோசித்தாள். அம்மாவின் பேசாத முகத்தை யோசித்தாள்.

"எனக்கு இந்த இடம் வேணும் சார். ரொம்ப வேணும். ஆனா அதை எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

யாரிடம் என்று நிபுணர் கேட்டார். அவள் சொன்னாள். அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, உங்கள் நேர்மை பாராட்டத்தக்கது என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதுமே இடம் போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. யாத்திரைப் பயணிகளின் ரயில் பயணங்களை ஆராயப் போகும் ஒரு பையனுக்கு அது போயிற்று. நல்ல பையன்தான், அவன்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேராசிரியர் மட்டும் அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். அவருடைய கடைசி மாணவி ஆகியிருக்க வேண்டியவள் அவள். அவருக்கு அந்த வருத்தம் இருக்கத்தானே செய்யும்.

வீட்டில் சொன்னபோது அப்பா கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்து முடித்த பிறகும் துடைத்தார். அம்மா எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு மட்டும் தம்பி அவளை அக்கா என்று கூப்பிட்டான். அதைக் கேட்டதும் சாமியார் ஓவென்று அழுதுவிட்டாள்.

மறுநாள் வேலைக்குப் போனாள். போகாமல் என்ன செய்வது. அலமாரிக் கதவு வழக்கம்போல் மூடவில்லை. சில மாதங்களில் வேலையை நிரந்தரமாக்கினார்கள். தம்பி பழையபடி சாமியார் என்று கூப்பிட ஆரம்பித்தான். அட்டைகளைக் கிழித்துப் போடத் தோன்றியது. ஆனால் அவற்றால் நல்லபடியாக நடந்தவையும் உண்டு என்பதால் விட்டுவைத்தாள். ஒன்றைத்தான் மாற்றினாள். அட்டையைப் பார்ப்பதற்கு முன் தன்னைக் கூப்பிட வேண்டும் என்று வார்டுகளில் சொல்லி வைத்தாள்.

அப்படி ஒரு காலை, இரண்டாம் மாடியிலிருந்து கூப்பிட்டார்கள். இறந்தவர் நடுத்தர வயது. தலைமை நர்ஸ் கையில் பதிவோடு நடைபாதையில் காத்திருந்தார். அட்டை இருக்கிற மதம்தான். அதில் எழுதியிருப்பது சாமியாருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

"இவங்க வழக்கம் என்னம்மா?" என்றார் நர்ஸ்.

"தெரியல சிஸ்டர்" என்றாள் சாமியார்.

மனைவி கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. உள்ளே இருக்கலாம் என்றும் யாரும் சொல்லவில்லை. அதனால் நின்றாள். வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்து போகிற இடத்தில் யாருக்கும் அப்படித்தான் நிற்கத் தோன்றும். சாமியாரைப் பார்த்ததும் நிமிர்ந்து, என்ன செய்யச் சொல்வாளோ என்று அவள் முகத்தையே பார்த்தாள்.

சாமியார் கதவை முழுக்கத் திறந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உள்ள வாங்கம்மா" என்றாள். "கை இன்னும் சூடா இருக்கும்."